மலை ஏறும்போது சைக்கிள் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நெல்லைச் சீமையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு வினோதமான குறை. பொதிகை கண்ணெதிரே நிற்கிறது, ஆனால் ஏறிப் பழக ரோடு இல்லை. மணிமுத்தாறுக்கு மேலே போகும் மாஞ்சோலை ரோடும், பாபநாசத்துக்கு மேலே போகும் காரையாறு ரோடும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருபவை. வனத்துறைச் சாவடியில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்காமல் வண்டியோடு போய் நிற்பதில் அர்த்தம் இல்லை. அதனால் பலரும் திருநெல்வேலி, அம்பை, தென்காசி என்று சமவெளியிலேயே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, நேரே 17 கொண்டை ஊசி வளைவு உள்ள போடிமெட்டுக்கோ, 40 வளைவுள்ள வால்பாறைக்கோ, 70 வளைவுள்ள கொல்லிமலைக்கோ போகிறார்கள். மூன்றாவது வளைவைத் தாண்டும் முன்பே ஏதாவது ஒன்று கையை விரிக்கிறது.

மலையில் தெரியவரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஊரிலேயே முடிவாகிவிட்டவை. பின்சக்கரத்தில் என்ன பல் இருக்கிறது, முதல் 20 நிமிடம் எப்படி ஓட்டினீர்கள் என்ற இரண்டும்தான் பாதிக்கு மேல் தீர்மானிக்கின்றன. கீழே உள்ளவற்றில் உங்களுக்கு நேர்ந்த அறிகுறியைத் தேடிப் படியுங்கள்.

முதல் 2 கி.மீ. பறந்தது, அதன்பிறகு மூச்சு பிடிபடவில்லை

வேகம்தான் காரணம். நுரையீரலைச் சந்தேகப்பட வேண்டாம். சமவெளியில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி உருண்டுகொண்டே இருக்கும், கால் இளைப்பாறும். ஏற்றத்தில் நிறுத்தினால் இரண்டு விநாடியில் வண்டி நின்றுவிடும். அதனால் அடிவாரத்தில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்ததைத் திரும்ப எடுக்க இடமே கிடைக்காது.

கணக்கு இதுதான். ஆள் 75 கிலோ, வண்டியும் தண்ணீரும் பையும் சேர்ந்து 15 கிலோ, மொத்தம் 90. 7 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் போனால் 7 மீட்டர் உயரும் ரோட்டில், மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போக ஏறக்குறைய 155 வாட் வேண்டும். 10 கி.மீ. வேகத்துக்கு 195 வாட்டுக்கும் மேலே. வெறும் 2 கி.மீ. வேகத்துக்காகக் கால்வாசி சக்தி கூடுதலாகப் போகிறது. வாரத்தில் மூன்று நாள் ஓட்டும் சாதாரண ஆளுக்கு 150 வாட்டை ஒன்றரை மணி நேரம் தாங்குவதே பெரிய காரியம்.

வாட் மீட்டர் இல்லாவிட்டாலும் அளந்து பார்க்கலாம். செங்கோட்டை பாசஞ்சர் ரயில் ஜங்ஷனை விட்டதும் வரும் ஸ்டேஷன்களை வாய்விட்டுச் சொல்லுங்கள்: டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். ஒரே மூச்சில் அம்பை வரை வந்தால் வேகம் சரி. சேரன்மகாதேவியிலேயே மூச்சு முட்டினால் அதிகம். முதல் 20 நிமிடமும் அம்பை வரை வந்தாக வேண்டும். பக்கத்தில் ஓட்டுபவர் முந்திப் போனாலும் விடுங்கள், பத்தாவது வளைவில் அவரைப் பார்ப்பீர்கள்.

ஏற்கெனவே மூச்சு வாங்கிவிட்டது என்றால், வளைவுக்கு முன்பாக இல்லாமல் நேர்ப்பாதையில், ரோட்டை விட்டு இறங்கி, நின்றபடியே 3 முதல் 5 நிமிடம். உட்கார்ந்துவிட்டால் தொடை இறுகிப்போகும். மறுபடி கிளம்பும்போது மிகச் சிறிய கியரில், பிரேக்கைப் பிடித்தபடி, முன்காலின் பெடலைக் கடிகாரத்தின் 2 மணி நிலையில் வைத்து, பின்னாலும் முன்னாலும் வண்டி வராதபோது சற்றுக் குறுக்காக மிதித்துக் கிளப்புங்கள். நேரே மேல்நோக்கிக் கிளப்பினால் இரண்டாவது கால் பெடலைத் தொடும் முன் வண்டி நின்றுவிடும்.

தொடை எரிகிறது, பெடல் சுற்ற மறுக்கிறது

வலது முட்டி 15 விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி, நாலால் பெருக்குங்கள். 60-க்கு மேல் இருந்தால் கியர் போதும், உடம்புக்குத்தான் பழக்கம் வேண்டும். 50-க்குக் கீழே போய், அதற்குமேல் சின்ன கியரும் இல்லை என்றால் கியர் போதாது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இது மாறாது, கடையில்தான் மாறும்.

மிதியோடு சுற்றும் முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையை, பின்சக்கரத்துப் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம் வரும். இந்தப் பல்சக்கரங்களைத்தான் முன்பல், பின்பல் என்கிறோம். ரோட் பைக்கில் முன்னே 34, பின்னே 28 என்றால் 1.21. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு 2.55 மீட்டர் நகர வேண்டும். 10 சதவீத ஏற்றத்தில் 150 வாட் ஆளால் மணிக்கு 5.7 கி.மீ. தான் போக முடியும். அந்த வேகத்தில் 34–28 கியர் நிமிடத்துக்கு 37 சுற்றுத்தான் சுற்றும். பின்னே 34 பல் போட்டால் 45 ஆகும். அது இன்னும் சுகமில்லை, ஆனால் ஓட்ட முடியும். 37-ல் முட்டிதான் கூலி கொடுக்கும்.

நம் பக்கம் அதிகம் ஓடும் ஹைப்ரிட் வண்டிகளில் முன்னே 48–38–28, பின்னே 14–28 என்று வரும். மிகச் சிறிய கியர் 28–28, விகிதம் 1. இதே வண்டிக்கு 14–34 பிரீவீல் (பின்சக்கரப் பல் அடுக்கு) கிடைக்கிறது. போட்டால் விகிதம் 0.82 ஆகிவிடும். பழைய 26 அங்குல மவுண்டன் பைக்கில் முன்னே 24 பல் இருந்தால் மலைக்கு அதுவே போதும். அந்த வண்டி கனம் என்று ஒதுக்குபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மொத்தம் 90 கிலோவில் 1 கிலோ குறைந்தால் ஏறும் நேரத்தில் சுமார் 1 சதவீதம்தான் மிச்சம், அதாவது 100 நிமிட ஏற்றத்தில் ஒரு நிமிடம். இலகுவான வண்டிக்குப் பல்லாயிரம் கொடுப்பதைவிட, பெரிய பின்பல்லுக்குச் சில நூறோ ஆயிரமோ கொடுப்பது எவ்வளவோ மேல்.

நீண்ட ஏற்றத்துக்கு விகிதம் 1 அல்லது அதற்குக் கீழ். 80 கிலோவுக்கு மேல் எடை, அல்லது கேரியரில் பை என்றால் 0.8 பக்கம் வர வேண்டும்.

பல் அடுக்கில் இரண்டு வகை உண்டு. மாற்றுவதற்கு முன் உங்களுடையது பிரீவீலா கேசட்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றி, பல் அடுக்கைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். டூல் மாட்டும் நடு வளையம் பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட், அது அசையாமல் பல் மட்டும் சுற்றினால் பிரீவீல். இரண்டுக்கும் டூல் வேறு, ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது. அடுத்து, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டீரெய்லரின் கேஜ், அதாவது இரண்டு சின்னச் சக்கரங்களைத் தாங்கும் கை, குட்டையாக இருந்தால் 28 அல்லது 30 பல்லோடு நின்றுவிடும். 34 பல்லுக்கு நீளக் கேஜ் வேண்டும். பெரிய பல் போட்டதும் பழைய செயின் நீளம் பத்தாமல் போகலாம். செயினை டீரெய்லர் வழியாகக் கொண்டுபோகாமல், முன்னே பெரிய பல், பின்னே பெரிய பல் மேல் சுற்றி இழுத்துப் பாருங்கள். இரண்டு முனையும் தொட்டபின் 2 கண்ணி மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் தவறிப்போய்ப் பெரியது–பெரியதில் கியர் விழுந்த அன்றைக்கு டீரெய்லர் கிழிந்துவிடும்.

அழுத்தி மிதிக்கும்போது ‘டக்’ என்று செயின் தாவுகிறது

சமவெளியில் தாவாத செயின் மலையில் தாவும், ஏனென்றால் இவ்வளவு பாரம் அதன்மேல் இதற்குமுன் விழுந்ததில்லை. தாவும் நேரத்தில் நீங்கள் நின்று மிதித்துக்கொண்டிருந்தால் நெஞ்சு ஹேண்டில் பாரில் மோதும், எனவே இதை ஊரிலேயே தீர்க்க வேண்டும்.

எல்லா கியரிலும் தாவுகிறதா, ஒன்றிரண்டில் மட்டுமா என்று முதலில் பாருங்கள். ஒன்றிரண்டில் மட்டும் என்றால், அதுவும் அதிகம் பயன்படும் நடுப் பற்களில் என்றால், பல் தேய்ந்திருக்கிறது. மிதி ஒவ்வொரு சில சுற்றுக்கும் ஒருமுறை, எந்தக் கியரானாலும் தாவினால் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. செயினைப் பின்பக்கம் மெதுவாகச் சுற்றினால் டீரெய்லரின் சின்னச் சக்கரத்தில் அந்தக் கண்ணி மட்டும் நிமிராமல் துள்ளுவதைக் காணலாம். அந்தக் கண்ணியைப் பக்கவாட்டில் இருபுறமும் மெல்ல வளைத்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கியர் மாறிய உடனே மட்டும் தடுமாறினால் கியர் ஒயரின் இழுவிசை சரியில்லை.

செயின் தேய்மானத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளக்கலாம். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து, 24 பின் தள்ளிப் பாருங்கள். புதுச் செயினில் அது 304.8 மி.மீ., அதாவது மிகச் சரியாக 12 அங்குலம். 306.4 பக்கம் வந்துவிட்டால் செயினை மாற்றுங்கள். அதையும் தாண்டி 308 ஆன செயினைக் கழற்றிப் புதிது போட்டால், பழைய பல்லோடு சேராமல் புதுச் செயின்தான் தாவும். ‘புதுச் செயின் போட்ட பிறகுதான் அண்ணாச்சி கெட்டுப்போச்சு’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டால் போதும். செயின் தன் அளவுக்குப் பல்லையும் தேய்த்துவிட்டது, இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

ஒயர் சரிசெய்யும் வரிசை:

1. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, பின்னே மிகச் சிறிய பல்லில் செயினை விடுங்கள். ஒயர் தளர்வாக, ஆனால் தொங்காமல் இருக்க வேண்டும்.
2. ஒரு கியர் ஏற்றுங்கள். செயின் அடுத்த பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், பின்னால் நின்று பார்க்கும்போது டீரெய்லரில் ஒயர் நுழையும் திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்று. ஏறி அதையும் தாண்டி உரசினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று.
3. செயின் பெரிய பல்லிலிருந்து சின்னப் பல்லுக்கு இறங்கும்போது தயங்குகிறது, ஏறும்போது சரியாக இருக்கிறது என்றால் திருகைத் தொடாதீர்கள். ஒயரின் உறைக்குள் அழுக்கும் துருவும் அடைத்திருக்கிறது. குற்றாலச் சாரலில் நனைந்து காயாமல் நின்ற வண்டிகளில் இது வாடிக்கை. ஒயரும் உறையும் புதிதாகப் போட்டுவிடுவதே மலிவு.
4. ஸ்டாண்டில் சரியாக மாறியது பாரத்திலும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். விடியலில் லாரியும் பஸ்ஸும் குறைவாக இருக்கும்போது திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஒருமுறை எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள்.

கடைசிக் கியர் போட்டதும் செயின் போக்ஸ் கம்பிக்குள் விழுந்தது

இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு வைக்கும் கோளாறு. டீரெய்லர் உடையும், சக்கரம் பூட்டும், ஆள் விழுவார். சமவெளியில் ஓட்டுபவர்கள் கடைசிப் பெரிய பல்லைத் தொடுவதே இல்லை, அதனால் அது சரியாக நிற்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

செயினைப் பெரிய பல்லில் விட்டு, டீரெய்லரைக் கையால் சக்கரத்தை நோக்கித் தள்ளுங்கள். அது அதற்குமேல் நகரக் கூடாது. நகர்ந்தால், டீரெய்லர் உள்ளே போகும் எல்லையைத் தடுக்கும், ‘எல்’ என்று குறித்த திருகை வலஞ்சுழியாக, ஒருமுறைக்குக் கால் சுற்றாக இறுக்குங்கள். பிறகு வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பின்பல்லோடு ஒரே நேர்க்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருந்தால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. பஸ்ஸின் மேலே, ரயிலின் பிரேக் வேனில் போட்டுக் கொண்டுவந்த வண்டிக்கு இது சகஜம். மலையடிவாரத்தில் இறக்கியதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டீரெய்லர் இருக்கும் வலதுபக்கம் கீழே படும்படி வண்டியை ஒருபோதும் படுக்க வைக்காதீர்கள்.

முன்பக்கம் சின்னப் பல்லுக்கு இறக்கும்போது செயின் உள்ளே விழுந்தால் முன் டீரெய்லரின் ‘எல்’ திருகைச் சரிசெய்ய வேண்டும். பின்னே பெரிய பல், முன்னே சின்னப் பல் நிலையில், செயினைத் தள்ளும் முன் டீரெய்லர் கூண்டின் உள்தகட்டுக்கும் செயினுக்கும் அரை மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். திருகு சரியாக இருந்தும் விழுகிறது என்றால் நீங்கள் தாமதமாக மாற்றுகிறீர்கள். ஏற்றம் கூடுவதற்கு 10 மீட்டர் முன்பே, மிதி இலகுவாக இருக்கும்போதே முன்கியரை இறக்கிவிடுங்கள்.

முட்டி வலி

முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது கியர் கனம். பின்பக்கக் குழியில் வலித்தால் சீட் உயரம். குதிகாலைப் பெடல்மேல் வைத்து அடிநிலைக்குக் கொண்டுவந்தால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முட்டியில் தேவையான மடக்கம் தானாக வந்துவிடும். நம் ஊரில் பாதிப்பேர் நின்றால் இரு காலும் தரையில் பட வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். கடைத்தெருவுக்கு அது சரி. ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் அதே சீட் முட்டியைத் தின்றுவிடும். ஒரேயடியாக ஏற்றாமல் 5 மி.மீ. வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். மலைக்கு முந்தைய வாரத்தில் சீட்டைத் தொடவே கூடாது.

இடுப்பு வலி பெரும்பாலும் கனமான கியரில் உட்கார்ந்தே மிதிப்பதன் விளைவு. 10 நிமிடத்துக்கு ஒருமுறை 20, 30 மிதி எழுந்து மிதியுங்கள். எழுவதற்கு முன் ஒரு கியர் கனமாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கால் வெறுமனே கீழே போகும், பின்னால் வருபவரின் முன்சக்கரத்தில் உங்கள் வண்டி மோதும்.

வளைவில் முன்சக்கரம் தூக்குகிறது, வண்டி ஆடுகிறது

சீட்டின் நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்துங்கள். ஹேண்டிலை மேலே இழுக்காதீர்கள். 6 கி.மீ. வேகத்துக்குக் கீழே வண்டி நேராக நிற்பதே கடினம், பார்வையை முன்சக்கரத்தில் வைத்தால் இன்னும் ஆடும், 5 மீட்டர் தள்ளி வையுங்கள்.

கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. நாம் இடதுபக்கம் போகிறவர்கள். ஆகவே வலதுபக்கம் திரும்பும் வளைவு தானாகவே நமக்குச் சுகமாக அமையும், அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடதுபக்கம் திரும்பும் வளைவுதான் கொல்லும். அதற்கு முன்பே ஒரு கியர் இறக்கி, உள் ஓரத்தில் ஒட்டாமல் ஒரு மீட்டர் விலகி ஓட்டுங்கள். அதற்குமேல் நடுரோட்டுக்கு வராதீர்கள். மேலிருந்து இறங்கும் பஸ்ஸுக்குத் திரும்ப முழு அகலமும் வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம்தான், ஆனால் ஹாரன் கேட்டால் சைக்கிள் ஓரமாக நின்றுவிடுவதே பிழைக்கும் வழி.

தலை சுற்றல், நடுக்கம், கால் பிடிப்பு

இவை வெவ்வேறு கோளாறுகள், ஆனால் எல்லாவற்றையும் ‘வெயில்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம்.

*கை நடுங்குகிறது, குளிர்ந்த வேர்வை, எரிச்சல், திடீரென்று எதுவுமே வேண்டாம் என்ற எண்ணம்.* சர்க்கரை தீர்ந்துவிட்டது. ஏற்றத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். மணிக்கு இரண்டு பழமும் கருப்பட்டித் தண்ணீரும் என்றால் கணக்கு சரியாகிவிடும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நல்லதுதான், ஆனால் கடலையின் கொழுப்பு மெதுவாகச் செரிக்கும். அடிவாரத்துக்கு வரும் சமதளத்தில் தின்றுவிடுங்கள், நடுக்கம் வந்த பிறகு அது உதவாது. அல்வாவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பசி வந்தபின் தின்னத் தொடங்கினால் தாமதம், ஏறத் தொடங்கிய 20-வது நிமிடத்தில் முதல் வாய்.

*தலைவலி, உடல் கொதிப்பு, வெயிலில் மயிர்க்கூச்சு.* இது சூடு. சமவெளியில் 25 கி.மீ. வேகத்தில் காற்றே வேர்வையை ஆற்றிவிடும். மலையில் 7 கி.மீ. வேகத்தில் காற்றே இருக்காது. போதாதற்கு, தமிழ்நாட்டுப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவு பெரும்பாலும் கிழக்கே பார்த்தது. காலை வெயில் முழுவதும் ஏறும் ரோட்டின் மேல்தான் விழும். போடிமெட்டு மாதிரி தேசிய நெடுஞ்சாலையில் விளக்கோடு விடியலுக்கு முன் தொடங்குங்கள். வனச்சாலை என்றால் சாவடி திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும், அதற்குமுன் யானை நடமாடும் நேரம். சூடு ஏறிவிட்டால் நிழல், தலையிலும் பிடரியிலும் தண்ணீர், 15 நிமிடம். பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால், உடல் நெருப்பாய்ச் சுட்டால் பயணம் முடிந்தது. உடம்பை நனைத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். சிக்னல் எங்கே வரும் என்பதை ஏறும்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

*வயிறு தளும்புகிறது, குமட்டல், மோதிரம் விரலில் இறுகுகிறது.* வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துவிட்டீர்கள். உப்பு இல்லாத தண்ணீர் ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. குடிப்பதை நிறுத்தி, உப்பானது ஏதாவது தின்னுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். ஒரு லிட்டருக்கு 40 கிராம் கருப்பட்டி, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. கருப்பட்டியைத் தட்டி, வெந்நீரில் கரைத்து, ஆறியதும் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். அடியில் நிற்கும் மணலும் தும்பும் பாட்டில் மூக்கை அடைத்துக்கொள்ளும், ஏற்றத்தில் ஒற்றைக் கையால் அதைப் பிதுக்கிக்கொண்டிருக்க முடியாது. வெக்கையில் சில மணி நேரத்தில் புளித்துவிடும், அன்றன்றைக்குக் கரைத்தால்தான் ஆகும். இரண்டு பாட்டிலில் ஒன்று இது, மற்றொன்று வெறும் தண்ணீர்.

கால் பிடிப்பு பெரும்பாலும் பழகாத அளவுக்கு அழுத்தி மிதித்ததால் வருவது. உப்புக் குறையும் ஒரு காரணமாகலாம், ஆனால் உப்பை அள்ளி வாயில் போட்டால் உடனே போய்விடாது. கெண்டைக்கால் என்றால் இறங்கி நின்று, குதிகாலைத் தரையில் அழுத்தி 30 விநாடி நீட்டி, பிறகு ஒரு கியர் இலகுவாக்கி ஓட்டுங்கள்.

வயிற்றைப் புரட்டுகிறது

முந்தின ராத்திரி பரோட்டாவும் சால்னாவும். வேறு விளக்கம் தேவையில்லை. மறுநாள் மலை என்றால் ராத்திரி எட்டு மணிக்குள் சோறு, ரசம், மோர். காலையில் கிளம்ப இரண்டு மணி நேரம் முன் நான்கைந்து இட்லி, தேங்காய்ச் சட்னி குறைவாக.

சமவெளியில் 100 கி.மீ. ஓட்டுகிறேன், மலையில் 8 கி.மீ. முடியவில்லை

100 கி.மீ. ஓட்டத்தில் நீங்கள் இளைப்பாறும் நேரத்தைக் கூட்டினால் ஆச்சரியமாக இருக்கும். சிக்னல், டீக்கடை, பாலத்து இறக்கம், நண்பரின் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிப் போவது. மலை கேட்பது 90 நிமிடம் இடைவிடாத மிதி. அதற்கு மலையே வேண்டும் என்பதில்லை, நம்மிடம் காற்று இருக்கிறது. ஆனியிலிருந்து ஆவணி வரை செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. எதிர்காற்றில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும், அந்த ஒரு குணத்தில் அது ஏற்றத்தைப் போன்றது.

வாரம் இருமுறை, மேற்கே பார்த்து, 20 நிமிடம் இடைவிடாமல் மிதித்து, 5 நிமிடம் மெதுவாக, மறுபடி 20 நிமிடம். ஸ்டேஷன் கணக்கில் வீரவநல்லூர் வரை மட்டும் ஒரு மூச்சு வரும் வேகம். நான்காவது வாரம் இதை மூன்று முறையாக்குங்கள். குனிந்து பதுங்கி ஓட்டாமல், ஹேண்டிலின் மேல்பகுதியைப் பிடித்து நிமிர்ந்து உட்காருங்கள். மலையில் அப்படித்தான் உட்காரப்போகிறீர்கள், காற்றும் நன்றாக அறையும். பக்கவாட்டுக் காற்று அடிக்கும் நாளில் நாற்கர நெடுஞ்சாலை வேண்டாம், லாரி கடக்கும்போது காற்று சட்டென நின்று மறுபடி தள்ளும்.

செங்குத்துக்குப் பண்பொழி திருமலைக்கோயில் மலைரோடு இருக்கிறது. நீளம் குறைவு, ஆனால் கியரையும் முன்சக்கரத்தையும் சோதிக்கப் போதும். கூட்டம் இல்லாத நாளில், அதிகாலையில், மூன்று நான்கு முறை ஏறி இறங்குங்கள். கார்த்திகை, சஷ்டி நாட்களில் போனால் பக்தர்களுக்குத்தான் இடைஞ்சல்.

இதை 8 வாரம் செய்தால் முதல் பெரிய மலைக்குத் தயார். கடைசி வாரம் ஓட்டும் தூரத்தைப் பாதியாக்குங்கள். பயந்துபோய்க் கடைசி வாரத்தில் கூடுதலாக ஓட்டுபவர்கள்தான் அடிவாரத்துக்குக் களைத்துப்போய் வருகிறார்கள்.

அடிவாரத்துக்கு முன்பே பஞ்சர்

சீமைக்கருவேல முள். ரோட்டோரம் வெட்டிப்போட்ட இடங்களில் ஒதுங்காதீர்கள். முதல்நாள் இரவு டயரை விரலால் இல்லாமல் பழைய துணியால் உள்பக்கம் தடவிப் பாருங்கள், நுனி ஒடிந்து உள்ளே நிற்கும் முள் துணியில் மாட்டும். டியூப்பை மட்டும் மாற்றி அந்த முள்ளை விட்டுவைத்தால் அரை மணி நேரத்தில் மறுபடி பஞ்சர். இரண்டு டியூப், லீவர், பம்ப், உங்கள் பின்பல் எண்ணிக்கைக்குத் தகுந்த செயினுக்குப் பொருந்தும் குயிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி) ஒன்று, செயின் டூல், பிரேக் ஒயர் ஒன்று. மலைமேல் சைக்கிள் கடை இருக்காது.

இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை, ரப்பர் கருகும் வாடை

ஏறுவதைப் பற்றியே பேசிவிட்டு இறக்கத்தை மறப்பது வழக்கம், விபத்து நடப்பதோ அங்கேதான். ரிம் பிரேக்கைத் தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி, உள்ளே காற்றழுத்தம் கூடி, டியூப் வெடிக்கும். நேர்ப்பாதையில் விடுங்கள், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் போகும்போது விட்டுவிடுங்கள். வாடை வந்தால் நின்று, ரிம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ‘ஸ்’ என்றால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

ஏறும் முன்பே பிரேக் கட்டையின் பள்ளக்கோடு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டையில் பளபளக்கும் அலுமினியத் துணுக்குகள் பதிந்திருந்தால் குண்டூசியால் தோண்டி எடுங்கள், அவை ரிம்மை அராவும். லீவரை முழுக்க அழுத்தினாலும் ஹேண்டிலுக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடம் வேண்டும். ஒயரால் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் கட்டை தேயத் தேய உள்பக்கக் கட்டையை அலென் சாவியால் நெருக்கிக் கொடுக்க வேண்டும், அது தானாக நெருங்காது. கட்டை 1 மி.மீ. ஆனால் மாற்றிவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் அடிக்கும்போது டிஸ்க்கில் ஒரு துளி தெறித்தாலும் பிரேக் போய்விடும், துணியால் மூடிவிட்டு அடியுங்கள். சாரலில் நனைந்த ரிம்முக்கு முதல் சில சுற்றுகள் பிடிப்பே இருக்காது, அதை மனத்தில் வைத்து முன்கூட்டியே அழுத்துங்கள்.

மேலே வேர்வையில் நனைந்த சட்டையோடு உடனே இறங்கினால் விரல் விறைத்து லீவரை அழுத்த வராது. 1000 மீட்டர் உயரத்துக்கு 6 டிகிரி வரை குறையும், அதோடு இறக்கத்துக் காற்று. பையில் ஒரு காய்ந்த பனியனும் காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் போதும். மறந்திருந்தால் டீக்கடையில் ஒரு பழைய நாளிதழ் கேட்டு வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை

தொடை நோவு இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், நான்காம் நாளில் அடங்கும். அசையாமல் படுப்பதைவிட 30 நிமிடம் மிக மெதுவாக ஓட்டினால் சீக்கிரம் விடும். வலி நாளுக்கு நாள் கூடி, தொடை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது சாதாரண நோவு இல்லை. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், எவ்வளவு தூரம் எவ்வளவு நேரம் மலை ஏறினீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.